பிரிஜித்தம்மா ஊர் நெருப்பு

வன்னியபெருமாள் பொய் சொல்வார் என்று ஓடைப்பட்டியில் யாரும் சொல்வதில்லை. "இது வன்னியபெருமாள் சொன்னது" என்பார்கள். அதிலேயே எல்லாம் அடங்கிவிடும். மழை வரும் என்று அவர் சொன்னால் காயப்போட்ட மிளகாய் வத்தலை ஒருத்தரும் அள்ளமாட்டார்கள். ஒரு தடவை அவருடைய வைக்கோல் படப்பில் நிஜமாகவே தீப்பிடித்து, அவர் டீக்கடைக்கு ஓடிவந்து சொன்னபோது, உட்கார்ந்திருந்தவர்கள் பெஞ்சில் தள்ளி இடம் கொடுத்து, "அப்புறம்?" என்று கேட்டார்கள். அவர் சொல்லி முடிக்கும்போது படப்பும் எரிந்து முடிந்திருந்தது.

அவருக்கு இருந்தது நாலு ஏக்கர் கரிசல், ஆவுடைத்தாய் என்கிற மனைவி, ஒரு கூண்டு வண்டி. இந்த மூன்றில் வண்டி மட்டும்தான் அவர் சொன்னபடி கேட்டது.

ஊருக்கு மேற்கே கன்னியர் மடம் ஒன்று உண்டு. அதை ஒட்டி ஓட்டுக் கட்டடத்தில் ஒரு மருந்தகம். மருந்தகத்தை நடத்தியவர் சிஸ்டர் பிரிஜித். ஊருக்கு அவர் பிரிஜித்தம்மா. அயர்லாந்து என்கிற தேசத்தில் மேற்குக் கடலோரம் ஒரு சின்ன ஊரில் பிறந்து, வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலேயே கோவில்பட்டி ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியோடு இறங்கியவர். மடத்துக்கு ஜீப் வரும்வரை அவரையும் மருந்துப் பெட்டியையும் ஊர் ஊராகக் கொண்டுபோனது வன்னியபெருமாளின் வண்டிதான். கரிசல்காட்டு வண்டிப்பாதையில் மாடு நடக்கிற வேகத்தில் இருபது வருஷம் போனால், இரண்டு பேருக்குள் பேசாத பேச்சு என்ன இருக்கும்? பிரிஜித்தம்மா தமிழை நோயாளிகளிடம் கற்றவர். ஆகையால் வயிற்றுவலியைப் பற்றியும், வைது விரட்டுவதைப் பற்றியும் அவருக்குத் தெரியாத தமிழ் கிடையாது.

ஆனால் வண்டியில் அவர் தன் ஊர்க் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வருவார். கேட்டதை வன்னியபெருமாள் மறுநாள் டீக்கடையில் தன் பங்கையும் சேர்த்து விநியோகம் பண்ணுவார்.

"அவிய ஊர்ல மண்ணே கிடையாது, பாத்துக்கோ. பூராவும் பாறை. கடல்ல இருந்து பாசியையும் மணலையும் கூடையில சுமந்துட்டு வந்து, பாறை மேல கொட்டிக் கொட்டித்தான் வயக்காடு உண்டாக்கணும்."

"அதுல என்னவே விளையும்?" என்பார் கொம்பையா. ஊருக்குத் தெற்கே கரிமூட்டம் போடுகிறவர். வேலிக்கருவை விறகை அடுக்கி, மண் பூசி, உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குவது அவர் தொழில். எதையும் லேசில் நம்பாதவர்.

"உருளைக்கிழங்கு. பொண்ணைக் கட்டிக் கொடுத்தா சீதனமா மூணு கூடை மண்ணு. பவுன் எல்லாம் அப்புறந்தான். நம்ம ஊர்ல ஐப்பசி மழையில நடந்தா செருப்புல ஒட்டுதுல்லா மண்ணு, அதோட அங்கன போய் இறங்கினா நீரு பண்ணையாரு."

மண் இல்லாதது நிஜம். சுமந்ததும் நிஜம். சீதனம் வன்னியபெருமாள் உபயம். காற்றுக்குப் பயந்து கூரையைக் கயிறு போட்டுக் கல்லில் கட்டிவைப்பார்கள் என்று பிரிஜித்தம்மா சொன்னதும், டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கயிறு அறுந்து, ஒரு வீடு சமையலோடு பறந்துபோய் அடுத்த ஊரில் இறங்கி, வீட்டுவரி யாருக்கு என்று இரண்டு ஊரும் கோர்ட்டுக்குப் போயிருந்தது. துணியில் தார் பூசிப் படகு செய்வார்கள், நாலு பேர் அதைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு கரையேறினால் தூரத்தில் வண்டு ஊர்கிற மாதிரி இருக்கும் என்பது நிஜம். அந்த வண்டை அடிக்கப் பக்கத்து ஊர்க்காரன் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தது உபயம்.

சிலதில் அவர் கை வைக்கவே இல்லை. கிழங்கு அழுகிப்போன ஒரு வருஷத்தில் ஊரில் பாதி செத்து, மீதியில் பாதி கப்பலேறிப் போன கதையை அம்மா சொன்னபடியே சொல்வார். அங்கே பிள்ளைகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறும் முந்தின நாள், உயிரோடு இருக்கிறவனுக்கே துட்டி வீடு மாதிரி சொந்தபந்தம் கூடி ஒப்பாரி வைக்கும்; ஏனென்றால் போனவன் திரும்பியதே இல்லை. பிரிஜித்தம்மாவுக்கும் அப்படி வைத்திருக்கிறார்கள். "எனக்கு ஒப்பாரி வச்சு முடிச்சாச்சு, வன்னியபெருமாள். இனிமே நான் செத்தா இந்த மண்ணுலயே போடுங்க, செலவு மிச்சம்" என்று மடத்துக் கிணற்றடியில் இடம்கூடக் காட்டி வைத்திருந்தார்.

அவருடைய வீட்டுப் பேச்சு இங்கிலீஷ் இல்லை. அது அவர்களுடைய சொந்தப் பாஷை. "நம்ம நாயக்கமார் வீட்டுக்குள்ள தெலுங்கு பேசுதாகள்லா? அது மாதிரி. இங்கிலீஷ் கோர்ட்டு கச்சேரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும்" என்று வன்னியபெருமாள் விளக்குவார். பிரிஜித்தம்மாவின் தாத்தா காலத்தில், பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பேச்சு பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். ஒரு சொல்லுக்கு ஒரு வெட்டு. சாயங்காலம் வெட்டை எண்ணி அடி. இதைக் கேட்டபோது டீக்கடையில் கொம்பையாகூட நம்பி, தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். அவர் வீட்டிலும் தெலுங்குதான்.

இதெல்லாம் சரி. வன்னியபெருமாள் செய்த ஒரே தப்பு, அந்தப் பாஷை தனக்கு அத்துப்படி என்று சொன்னதுதான். யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது என்பதனாலேயே அதைத் தேர்ந்தெடுத்துச் சொன்னார். உள்ளபடிக்கு அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். வண்டியின் வலத்து மாடு ஒரு மயிலைக் காளை. மடத்தைவிட்டுப் போகும்போது நொண்டும். திரும்பும்போது குதிரை மாதிரி ஓடும். அது நொண்டுகிறபோதெல்லாம் பிரிஜித்தம்மா கூண்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்த்து, "அக்ளைரே!" என்பார். கள்ளப்பயலே என்று அர்த்தம். அவர் ஊரில் செல்லமாகத் திட்டுவது.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் பல வருஷம் பண்டிதராக இருந்தார். எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் ஒரு மத்தியானம் மடத்து ஜீப் டீக்கடை வாசலில் வந்து நின்றது.

டிரைவர் யோவான் இறங்காமலே கூப்பிட்டார். "அண்ணாச்சி, ஏறுங்க. மதர் கையோட கூட்டியாரச் சொன்னாவ."

"என்னலே விசயம்?"

"பிரிஜித்தம்மாவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்தாச்சுல்லா. பக்கவாதத்துல தமிழும் போச்சு, இங்கிலீஷும் போச்சு. அவிய சொந்தப் பாஷைதான் நிக்குது. ஒருத்தருக்கும் விளங்கல. உங்களுக்குத்தான் அது தெரியுமே."

டீக்கடையில் பெஞ்சை நகர்த்தி அவருக்கு வழிவிட்டார்கள். கொம்பையா மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "போவும் வே. ஊரே உம்மைத்தான் நம்பிக்கிட்டு இருக்கு" என்றார். ஓடைப்பட்டி சரித்திரத்திலேயே அந்த வாக்கியம் அன்றுதான் சொல்லப்பட்டது.

மடத்து வராந்தாவில் மதர் அமலோற்பவம் காத்திருந்தார். வேம்பாற்றுக் கடற்கரையில் பிறந்தவர். மடத்துக்குத் தலைவியாக வந்து இரண்டு வருஷம்தான். நல்ல மனுஷி. தூக்கமில்லாமல் கண் உள்ளே போயிருந்தது.

"அண்ணாச்சி, ஒளிக்காம சொல்லுதேன். பகல் பூரா அமைதியாத்தான் இருக்காவ. சாயங்காலம் சாப்பாடு முடிஞ்சு நாங்க அடங்குத நேரத்துல ஒரு அலறல் பாருங்க, நெஞ்சு நடுங்குது. கட்டிலைவிட்டு இறங்கப் பாத்து ரெண்டு தரம் விழுந்துட்டாவ. புத்தி பேதலிச்சுட்டுன்னு டாக்டர் எழுதிட்டாரு. பெங்களூர்ல இப்படிப்பட்ட சிஸ்டர்மாரை வச்சுப் பாக்க ஒரு இல்லம் இருக்கு. நாளை மறுநாள் காலையில மதுரையில இருந்து கார் வருது."

"பெங்களூருக்கா? கிணத்தடியில இடம்லாம் பாத்து வச்சிருக்காவளே மதர்."

"அதுதான் எனக்கும் உறுத்துது. அவிய பேசுதது புத்தியோட பேச்சா, இல்லியா? அதை மட்டும் சொல்லுங்க. புத்தியோடதான்னா ஒரு வாய் கஞ்சி ஊத்தி நாங்க பாத்துக்கிடுதோம். காரைத் திருப்பி அனுப்பிருதேன்."

வன்னியபெருமாள் வாழ்க்கையில் முதல் தடவையாக, தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மதர் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார்.

அடுப்படியை ஒட்டிய அறையில் கட்டில் போட்டிருந்தார்கள், சமையல்காரி எஸ்தர்ராணி ஒரு கண் வைத்துக்கொள்ள வசதியாக. பிரிஜித்தம்மா பாதியாகியிருந்தார். முகத்தின் வலப்பக்கம் தொங்கி, அந்தக் கண் பாதி மூடியிருந்தது. இடக்கண் மட்டும் பழைய கண். அது வன்னியபெருமாளைப் பார்த்தது. எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

வேறு வழியில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கையைக் கூப்பி, மகா மரியாதையாக, "அக்ளைரே" என்றார்.

பிறகு கட்டில் குலுங்கியது. பிரிஜித்தம்மா சிரித்தார். வாயின் ஒரு பக்கத்தால் மட்டும், கண்ணில் நீர் வழிகிற மாதிரி சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் பாஷையில் மடைதிறந்த மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். எஸ்தர்ராணி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்ன அண்ணாச்சி சொன்னீங்க?" என்றார் மதர்.

"வணக்கம்னேன்."

"அவிய என்ன சொல்லுதாவ?"

வன்னியபெருமாள் மோட்டுவளையைப் பார்த்தார். "கடம்பூர் போளி வேணுமாம்."

போளி என்றால் பிரிஜித்தம்மாவுக்கு உயிர் என்பது வண்டிமாட்டுக்குக்கூடத் தெரியும். யோவான் ஜீப்பை விரட்டிக்கொண்டு போய் வாங்கிவந்தார். அம்மா இரண்டு போளி சாப்பிட்டார். மடமே வன்னியபெருமாளை ஞானி மாதிரிப் பார்த்தது. இதற்கு முன்னால் அவர் சொன்ன பொய் எதுவும் இவ்வளவு சீக்கிரம் ருசியாக நிஜமானதில்லை.

ஆனால் சாயங்காலம் சாப்பாடு முடிந்து எஸ்தர்ராணி அடுப்படியை ஒழித்துப்போட்ட சமயம், அலறல் வந்தது. வன்னியபெருமாள் பிள்ளை பெற்ற வீட்டு வாசலிலும் துட்டி வீட்டு வாசலிலும் நின்றிருக்கிறார். அந்த இரண்டும் சேர்ந்த மாதிரி இருந்தது. அம்மா இடக்கையால் அடுப்படிப் பக்கம் காட்டிக் காட்டி ஒரே வார்த்தைகளைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்கள். தட்டிவிட்டார். ஜெபமாலை கொடுத்தார்கள். அதையும் தட்டிவிட்டார். எல்லோரும் வன்னியபெருமாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதென்ன அண்ணாச்சி? என்ன கேக்குதாவ?"

"ஒப்பாரி. அவிய ஊர்ல பொழுது சாஞ்சா இப்படித்தான் சும்மாவாச்சும் ஒரு ஒப்பாரி வைப்பாவ" என்றார். சொல்லும்போதே அது நன்றாக அமையவில்லை என்று அவருக்கே தெரிந்தது. மதர் போர்வையை இழுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வன்னியபெருமாள் போனபோது மடத்தில் ஒரு புது வழக்கம் வந்திருந்தது. சிஸ்டர்மார் ஒவ்வொருத்தராகக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, கைகூப்பி, தலை தாழ்த்தி, "அக்ளைரே, சிஸ்டர்" என்றார்கள். கடைசியாக மதர் வந்து எல்லோரையும்விட பக்தியாகச் சொன்னார். பிரிஜித்தம்மா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

"சொந்தப் பாஷையைக் கேட்டதும் எப்படி உருகுதாவ பாருங்க" என்றார் மதர்.

"ஆமா மதர்" என்றார் வன்னியபெருமாள்.

அன்றைக்குக் கொம்பையாவும் வந்து பார்த்தார். கட்டிலுக்குக் குனிந்து, "ஏமம்மா, ஏமி காவால?" என்று, என்ன வேண்டுமெனத் தெலுங்கில் கேட்டுப் பார்த்தார். ஒரு வேளை அது எட்டுமோ என்ற நம்பிக்கை. அம்மா அவர் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். வெளியே வந்ததும் கொம்பையா, "எனக்கு ஒரு தட்டாவது கிடைச்சுது. உம்ம பண்டிதம் எந்த மட்டுக்கு இருக்கு?" என்று கேட்டார். பதில் சொல்லாத வன்னியபெருமாளைப் பார்த்துக் கொம்பையா கொஞ்சம் பயந்துபோனார்.

வானம் மூட்டமாக இருந்தது. பொழுது சாய்ந்தது. மதர் வராந்தாவுக்கு வந்து, "அண்ணாச்சி, உங்களால ஆனதைச் செஞ்சீங்க. கார் விடிஞ்சதும் வந்துரும். அவிய துணிமணியை எடுத்துவைக்கச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெபத்துக்குப் போனார்.

வன்னியபெருமாள் பிரிஜித்தம்மாவின் ஜன்னலுக்கு நேரே முற்றத்துத் துவைகல்லில் உட்கார்ந்தார். மடியிலிருந்து பீடியையும் தீப்பெட்டியையும் எடுத்தார். பாதி ஜனம் தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கிற வட்டாரம் அது. சோற்றுக்கு இல்லாத வீட்டிலும் தீப்பெட்டி இருக்கும். பற்றவைத்தார். ஜன்னல் வழியாகப் பழைய கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் போய் என்ன சொல்வது? பீடி முடிந்தது. துண்டைக் கீழே போட்டுச் செருப்பால் தேய்த்தார்.

அலறல் வந்தது.

அதே அலறல், அதே வார்த்தைகள், அதே கை. பதறி எழுந்தவர் அடுப்படியைப் பார்த்தார். எஸ்தர்ராணி இன்னும் குழம்பு கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தாள். சிஸ்டர்மார் இன்னும் சாப்பிடவில்லை. இன்றைக்கு அலறல் சாப்பாட்டுக்கு முந்தியே வந்துவிட்டது. தன் காலடியைப் பார்த்தார். நசுங்கிய பீடி. கடைசிப் பொறியும் அணைந்திருந்தது.

அப்போதுதான் வன்னியபெருமாளுக்குத் தான் யாரிடமும் சொல்லாத ஒரு கதை ஞாபகத்துக்கு வந்தது.

பிரிஜித்தம்மா சொன்னதிலேயே அந்த ஒன்றைத்தான் அவர் டீக்கடைக்குக் கொண்டுபோகவில்லை. காரணம், அது நம்புகிற மாதிரி இல்லை. அம்மாவின் ஊரில் யாரும் அடுப்பைப் புதிதாகப் பற்றவைப்பதே கிடையாதாம். சேற்று நிலத்தை வெட்டிக் காயவைத்த கட்டிதான் விறகு. ராத்திரிக்கு வீட்டுப் பெண்பிள்ளை கனலுகிற கங்குகளைச் சாம்பலால் மூடி, அதன் மேல் ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் படுப்பாள். காலையில் சாம்பலைக் கிளறி ஊதினால் அதே நெருப்பு. பாட்டன் காலத்து நெருப்பு, பூட்டன் காலத்து நெருப்பு, இப்படி அணையாமல் வரும். வீட்டு நெருப்பு அணைந்தால் வீடே அற்றுப்போச்சு என்று அர்த்தம். அம்மாவைப் பெற்றவள் செத்து, அண்ணன்காரன் வீட்டைப் பூட்டிக் கப்பலேறினபோது, கங்குகளை ஒரு சட்டியில் எடுத்துப் பக்கத்து வீட்டு அடுப்பில் சேர்த்துவிட்டுத்தான் போனானாம். "எங்க வீட்டு நெருப்பு இன்னும் அங்கன எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்று அம்மா வண்டியில் ஒரு நாள் சொன்னார். தீப்பெட்டியே வேண்டாத ஒரு ஊர் என்று கோவில்பட்டிச் சீமையில் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? வன்னியபெருமாளுக்கும் ஒரு மானம் உண்டு.

அடுப்படிக்குள் ஓடினார். "ஏட்டி எஸ்தர்ராணி, முன்னெல்லாம் ராத்திரி அடுப்படியை யாரு ஒழிச்சுப் பூட்டுவா?"

"அம்மாதான். என்னை அனுப்பிட்டுக் கடைசியா அவியதான் உள்ள போய் நிப்பாவ. தேங்காயை எண்ணுதாவன்னுல்லா நான் நினைச்சேன்!"

"பழைய அடுப்பு எங்க?"

"அது எதுக்கு இப்ப? அம்மா ஆஸ்பத்திரியில இருந்து வரும்போது புகை ஆகாதுன்னு மதர் சாணவாயு அடுப்பு போட்டாவல்லா. தொழுவத்துச் சாணி பூரா தொட்டிக்குள்ள போவுது, குழாய் வழியா காஸு வருது. காலையில திருகினா எரியுது, சாயங்காலம் திருகினா அணையுது." பெருமையாகச் சொன்னாள். "வறட்டி தட்டுத சோலியே இல்ல."

அன்பாகத்தான் செய்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் பிரிஜித்தம்மாவின் கண்முன்னாலேயே ஒரு திருகு. வீட்டு நெருப்பு பொக்கென்று அணைந்தது.

"இன்னைக்கு அணைச்சிராத. நான் வாரவரைக்கும் எரியட்டும்" என்று சொல்லிவிட்டு, வன்னியபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்குப் போய், பரணில் இருந்த வறட்டியையும் ஒரு மண்சட்டியில் சாம்பலையும் அள்ளினார். ஆவுடைத்தாய் வாசலை மறித்தாள்.

"சாம்பலை எங்க கொண்டு போறீங்க? யாரு வீட்டுல பாத்திரம் தேய்க்கப் போறீங்க?"

"மடத்துக்கு. அம்மாவுக்குச் சாம்பல் வேணுமாம்."

"போளி போய் இப்ப சாம்பலா? மனுசர் திங்குததாப் பாத்துச் சொல்லக்கூடாதா?"

"ஏட்டி, இது நிஜம்."

ஆவுடைத்தாய் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே போய், நனையாமலிருக்க ஒரு சாக்கை எடுத்துவந்து அவர் தலையில் போட்டாள்.

பிரிஜித்தம்மாவின் நெருப்புக்குச் சட்டம் உண்டு. குச்சியைக் கிழித்துப் புதிதாக உண்டாக்கினால் அது நெருப்பில்லை; ஏற்கனவே எரிகிற இடத்திலிருந்து வரவேண்டும். ஓடைப்பட்டியில் இருக்கிறதிலேயே வயசான நெருப்பு கொம்பையாவின் கரிமூட்டம். தீபாவளிக்கு முந்திப் போட்டது, இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"எனக்கு ரெண்டு கங்கு வேணும்" என்றார் வன்னியபெருமாள்.

"தீப்பெட்டி இல்லியா?"

"தீப்பெட்டி நெருப்பு ஆகாது. அம்மா ஊர்ல..." என்று ஆரம்பித்து மூச்சு வாங்க முழுதையும் சொன்னார்.

கொம்பையா கேட்டு முடித்துவிட்டு, "நீரு சொன்னதுலயே மோசமான கதை இதுதான் வே. கொஞ்சங்கூட சோடனை இல்ல" என்றார். ஆனாலும் மூட்டத்தின் ஓரத்து மண்ணை விலக்கி, சிவப்பாகக் கனன்ற கங்குகளைக் குறட்டால் எடுத்துச் சட்டியில் போட்டார். "அந்தம்மா என் மவளுக்குப் பேறுகாலம் பாத்தவ. அதுக்காகத் தாரேன். உம்ம கதைக்காக இல்ல."

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. தூறலாக ஆரம்பித்து, சாக்கையும் வேட்டியையும் அவரையும் நனைத்தது. கரிசல் மண் செருப்பில் ஒட்டி ஒட்டிக் காலை எடுக்கவிடாமல் கனத்தது. சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்தே நடந்தார். மடத்து மதில்சுவரை எட்டியபோது சட்டிக்குள்ளிருந்து உஸ் என்று ஒரு சத்தம் வந்தது. வேப்பமரத்தடியில் ஒதுங்கிப் பார்த்தார். கங்கு கறுத்துப்போயிருந்தது. ஊதினார். கன்னம் வலிக்க ஊதினார். சாம்பல் பறந்து மீசையில் ஒட்டியதுதான் மிச்சம்.

உள்ளே எஸ்தர்ராணி எவ்வளவு நேரம் அடுப்பைத் திருகாமல் இருப்பாள்? திரும்பக் கரிமூட்டத்துக்குப் போய்வரக் காலில் பலம் இல்லை. வன்னியபெருமாள் மரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். ஒருத்தரும் இல்லை. மடியில் பீடிக்கட்டுக்குள் ஈரம்படாமலிருக்கச் செருகியிருந்த தீப்பெட்டியை எடுத்தார். முதல் குச்சி நமத்துப் போயிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பிடித்தது. சாக்குக்கு அடியில் கக்கத்தில் இடுக்கி நனையாமல் கொண்டுவந்த வறட்டியைப் பிட்டு, வேப்பஞ்சருகை வைத்து, உடம்பால் மறைத்து ஊதி ஊதிக் கங்காக்கினார். இவ்வளவு பாடுபட்டு அவர் செய்த பொய் அது ஒன்றுதான்.

மாட்டுத்தொழுவத்தில் கிடந்த பழைய அடுப்புக் கற்களை யோவான் தூக்கிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் போட்டார். சட்டியோடு வன்னியபெருமாள் உள்ளே வந்தார். வறட்டிப் புகை அறையில் பரவியது. மதர் இருமிக்கொண்டே, "அண்ணாச்சி, என்ன இதெல்லாம்?" என்றார்.

"கொம்பையா மூட்டத்து நெருப்பு மதர். அவியகிட்ட விட்டுப் பாருங்க."

பிரிஜித்தம்மாவை அணைத்துத் தூக்கி உட்காரவைத்தார்கள். மூக்கு விடைத்தது. அந்தப் புகை அவரை எங்கே கொண்டுபோனதோ. இடக்கையை நீட்டினார். எஸ்தர்ராணி இடுக்கியைக் கொடுத்தாள். மதர் திகைத்து நிற்க, அந்த ஒற்றைக் கை கங்குகளை ஒன்றோடொன்று சேர்த்தது. பெரிய வறட்டித் துண்டை நடுவில் வைத்தது. சாம்பலை அள்ளி ஒரே சீராக, குழந்தைக்குப் போர்வை போடுகிற மாதிரி மூடியது. பிறகு விரலால் சாம்பலின் மேல் ஒரு சிலுவைக்கோடு. அந்த வார்த்தைகள் வந்தன. இத்தனை நாள் அலறலாகக் கேட்ட அதே வார்த்தைகள். மெதுவாகச் சொன்னபோதுதான் அது ஜெபம் என்று தெரிந்தது.

மதர் முழங்காலில் இருந்தார். எப்போது போட்டார் என்று அவருக்கே தெரியாது. "இதைத்தான் கேட்டாவளா? இவ்வளவு நாளும்?"

சாம்பலின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்த பிரிஜித்தம்மாவின் விரல் நின்றது. எதையோ கிள்ளி எடுத்தது. பாதி எரிந்த ஒரு தீக்குச்சி.

வன்னியபெருமாள் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அம்மா பார்த்தார். மற்றவர்கள் அம்மாவின் முதுகுப்பக்கம் நின்றார்கள்.

பிரிஜித்தம்மா அந்தக் குச்சியைச் சாம்பலுக்குள் ஆழமாகச் செருகி, மேலே இன்னொரு பிடி சாம்பலைப் போட்டு, தட்டிவிட்டார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். வலக்கண் வாதத்தில் பாதி மூடியே இருந்ததால், கண்ணடித்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது.

"அக்ளைரே" என்றார்.

அந்தப் பாஷையில் யாராவது சொன்னதை வன்னியபெருமாள் ஒரு சொல் மிச்சமில்லாமல் விளங்கிக்கொண்டது அன்றைக்குத்தான்.

"என்ன சொல்லுதாவ அண்ணாச்சி?" என்றார் மதர்.

"வணக்கம் சொல்லுதாவ, மதர்."

"காலையில நாங்க சொன்னதுக்கு இப்பத்தான் பதில் சொல்லுதாவ" என்று மதர் கண்ணைத் துடைத்தார். பிரிஜித்தம்மா தலையணையில் சாய்ந்து, சாம்பல் பூசிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். எஸ்தர்ராணி அடுப்படிக்குப் போய் அந்த இன்னொரு அடுப்பைத் திருகி அணைத்தாள். எல்லோரும் அலறலை எதிர்பார்த்து நின்றார்கள். கட்டிலிலிருந்து லேசான குறட்டைதான் வந்தது.

"யோவான்," என்றார் மதர், "தபாலாபீசைத் திறக்கச் சொல்லி மதுரைக்கு ஒரு போன் போட்டுரும். கார் வேண்டாம்னு சொல்லும். எஸ்தர்ராணி, நாளைக்குத் தொழுவத்துச் சாணியில பாதியைத் தொட்டியில போடாத. வறட்டி தட்டு."

வன்னியபெருமாள் வெளியே வந்து செருப்பை மாட்டினார். மழை விட்டிருந்தது. இரண்டு செருப்பிலும் ஒரு பண்ணையாருக்கு உண்டான மண் ஒட்டியிருந்தது. உதறாமல் அப்படியே வீட்டுக்கு நடந்தார்.